மில்லுக்கு எர்த் போட்ட கதை

என் வீட்டுக்காரர் மில் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டு. மேல்பாதி நன்றாகத்தான் இருந்தது. பூசிய சாயம்கூட அங்கங்கே மிச்சம் இருந்தது. மண்ணுக்குள் இருக்க வேண்டிய பாதியைத்தான் காணோம். உடைந்த முனை, எலி கடித்துப் போட்ட ரஸ்க் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.

"இவ்வளவுதானா, பாஸ்கரண்ணே?" என்று கேட்டார்.

வயர்மேன் பாஸ்கரன் கடப்பாரையைக் குழிக்குள் விட்டுக் கிளறினார். சிவப்பாக மண் வந்தது. இன்னும் கிளறினார். இன்னும் சிவப்பாக வந்தது. அது மண் இல்லை, துரு.

"இவ்வளவுதான் பாய். இறக்கினப்ப ஆள் உயரத்துக்கு மேல இருந்துச்சு. மிச்சத்த உப்பு தின்னுட்டு."

"நான் தினம் வெள்ளம் ஊத்தினேனே."

அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. கோடை வந்தால், காலையில் மில்லைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அந்தக் குழாயின் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான். எர்த் குழாயைச் சுற்றி மண் காயக்கூடாது என்று பாஸ்கரன் எப்போதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயா குடிக்க மறந்தாலும் மறப்பார், அதை மறக்கமாட்டார். அடியில் ஒன்றுமே இல்லாத குழாய்க்கு எத்தனை கோடை தண்ணீர் ஊற்றினாரோ, அல்லாவுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டீசல் போய் கரண்டு வந்தது

கடையநல்லூரிலிருந்து நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு மருமகளாக வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். வந்த வீட்டின் முன்பக்கம் மாவு மில், பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு மரக்கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு துடைத்தாலும் பாத்திரத்தின் மேல் மெல்லிசாக மாவு படிந்திருக்கும். மல்லி அரைக்கிற நாளில் தலையணை மல்லி மணக்கும். மிளகாய் அரைக்கிற நாளில் வீட்டில் எல்லோரும் தும்முவோம்.

மாமனார் காலத்தில் மில் டீசல் இன்ஜினில் ஓடியது. நான் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கரண்டு மோட்டார் வைத்தார்கள். வைத்தவர் இதே பாஸ்கரன்தான். நாகர்கோவில்காரர். பள்ளுருத்தியில் குடியிருந்தார். கப்பல் ரிப்பேர் வேலைக்கும் போவார், வீட்டு வயரிங்கும் செய்வார். ஒரு வேலை முடித்தால் அதைப் பற்றி மூன்று வேலைக்குப் பேசுவார். "கொச்சியில நம்மள மாதிரி எர்த் போட ஆள் கிடையாது, பாத்துக்கிடுங்க" என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

மெஷின் கடிக்கும் என்பது நான் வந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. அரிசி கொட்டுகிற தகரத் தொட்டியில் கை வைத்தால் சில நாள் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் எறும்பு தேளாகும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம்.

"எல்லா மில்லிலும் இருக்கதுதான்" என்பார் வீட்டுக்காரர். "ரப்பர் செருப்புப் போட்டுக்க ஜமீலா. பலகையில நின்னுக்க."

மெஷினுக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது. மாவு அரைக்க வருகிற பெண்கள் அதில் ஏறி நின்று, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, தொட்டியில் அரிசியைத் தட்டுவார்கள். புட்டுக்கு, பத்திரி என்கிற அரிசி ரொட்டிக்கு, ரேஷன் கோதுமையைச் சப்பாத்திக்கு. யாரும் குறை சொன்னதில்லை. கூரை ஒழுகினால் அடியில் பாத்திரம் வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

ரோசி சேட்டத்தியும் கிணறும்

எங்கள் வளவில் இரண்டு வீடு. இன்னொன்றில் ரோசி சேட்டத்தி இருந்தார். சேட்டத்தி என்றால் அக்கா. கணவர் இறந்த பிறகு தனி ஆள். வயது ஐம்பதுக்கு மேல். வெள்ளைச் சட்டையும் முண்டும் கட்டி, காதில் மேக்காமோதிரம் என்கிற வளையம் தொங்க, அவர் முற்றத்தில் நடந்தால் கோழிகூட வழிவிடும். என்னிடம் பேசும்போது மலையாளத்தைத் தமிழ்ப்பக்கம் வளைத்துக்கொள்வார். நான் தமிழை மலையாளப்பக்கம் வளைத்துக்கொள்வேன். நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு கிணறு. மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்கத்தான் முடியாது. கடல் ஒரு பக்கம், காயல் ஒரு பக்கம். எங்கள் கிணறு மட்டும் எப்படியோ இனிப்பாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். கோடையில் ரோசி சேட்டத்தி கயிற்றையே சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவார். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

"ஒண்ணா இறைச்சா அடியில கிடக்கற உப்பு மேல கேறி வரும் மோளே" என்பார். "பதுக்கெ, பதுக்கெ கோரணும்." அதாவது, மெல்ல மெல்ல மொள்ள வேண்டும். அந்தக் கிணற்றை அவர் வளர்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எர்த் குழாய்க்கு ஊற்றிய குடம் தண்ணீர்கூட அவரிடம் தினம் கெஞ்சி வாங்கியதுதான்.

கிணற்றுக்கு அடுத்தபடி அவர் வளர்த்தது ஓர் ஆடு. வெள்ளை. நெற்றியில் மட்டும் கறுப்பு. பெயர் அம்மிணி.

அம்மிணி

எழுபதுகள் முடியப்போகிற சமயம். மூத்தவள் என் வயிற்றில் இருந்தாள். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்து முற்றமெல்லாம் நனைந்து கிடந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் திறந்திருந்தது.

அம்மிணிக்குத் தவிட்டு ருசி உண்டு. மெஷின் காலடியில் சிந்திக் கிடக்கிற மாவை நக்க அடிக்கடி வரும். வீட்டுக்காரர் விரட்டுவார், அது போகிற மாதிரி போய்விட்டுத் திரும்ப வரும். அன்றைக்கும் வந்தது. நனைந்த குளம்போடு வந்து, மூக்கை மெஷினின் இரும்புக் காலில் வைத்தது.

ஒரு சத்தமும் இல்லை. நான் நடுக்கதவில் நின்றிருந்தேன். நாலு காலும் விறைத்தபடி அது பக்கவாட்டில் சாய்ந்ததைப் பார்த்தேன். விளையாடுகிறது என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பாய்ந்து மெயினை அணைத்தார். பெல்ட் சுற்றி நின்றது. ஆடு எழுந்திருக்கவில்லை.

அன்று காலையில் அதே இடத்தில் குனிந்து நான் பெருக்கியிருந்தேன். மெயின் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோசி சேட்டத்தி வந்தார். அழவில்லை, கத்தவில்லை. ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயில் ஒட்டியிருந்த மாவை முண்டின் நுனியால் துடைத்தார். எழுந்து என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஷாகுலே, இந்த மெஷினை நீ இனி ஓட்டருது" என்றார். ஓட்டக்கூடாது என்று அர்த்தம்.

"இல்ல சேட்டத்தி. ஓட்டமாட்டேன்."

மறுநாள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சேட்டத்தி வீட்டு வாசலில் நின்றார். நல்ல ஆடாகப் பார்த்து வாங்கித் தருகிறேன் என்றார்.

"எதுக்கு? அதையும் கொல்லவா? முதல்ல மெஷினைச் சரியாக்கு. அது கழிஞ்சு ஆட்டைப் பத்திப் பேசலாம்" என்று சேட்டத்தி கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால்தான் பாஸ்கரனைக் கூப்பிட்டோம். அதனால்தான் குழாயைத் தோண்டினோம்.

யாருக்கு உப்பு வேண்டும்

துருப்பிடித்த குழாயைப் பார்த்து வீட்டுக்காரர் இடிந்துபோனதைச் சொன்னேன். பாஸ்கரனும் அன்று அதிகம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"போட்டது நானு" என்றார் கடைசியில். "மேல பாத்தா ஜோராத்தானே இருந்துச்சு. வருஷத்துக்கு ஒருக்க பல்பு வச்சாவது பாத்திருக்கணும்."

நான்தான் கேட்டேன். "எர்த்துன்னா என்ன அண்ணே? அது இருந்திருந்தா அம்மிணி செத்திருக்காதா?"

அவர் மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பியின் மேல்பூச்சு எங்கேயோ உரிந்திருக்கிறது. அந்த வழியாகக் கரண்டு கசிந்து மெஷினின் இரும்பு உடம்பு முழுக்க நிற்கிறது. அதற்கு மண்ணுக்குள் போக நல்ல வழி இருந்தால் ஒரேயடியாகப் பாயும், ஃபியூஸ் எரியும், மெஷின் நிற்கும். வழி இல்லையென்றால் யாராவது வந்து தொடுகிறவரை அப்படியே காத்திருக்கும். தொட்டவர் உடம்புதான் வழி.

"செருப்பும் பலகையும் போட்டு நீங்க அந்த வழிய அடச்சு வச்சிருந்தீங்க. ஆட்டுக்குச் செருப்பு இல்லல்லா."

பழைய இடத்திலேயே ஆழமாகக் குழி தோண்டி, புதுக் குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்ட வேண்டும் என்றார். உப்பும் ஈரமும் இருந்தால்தான் மண் கரண்டை நன்றாக வாங்கும். அரை மூட்டை உப்பு வேண்டும்.

சாத்தியிருந்த கதவு திறந்தது.

"எந்து? உப்பா?" ரோசி சேட்டத்தி முற்றத்துக்கு வந்துவிட்டார். "எங்க கொட்டப் போற?"

பாஸ்கரன் இடத்தைக் காட்டினார். கிணறு நாலெட்டில் இருந்தது.

"என் ஆட்டைக் கொன்னாச்சு. இப்ப கிணத்தைக் கொல்லணுமோ?"

"சேச்சி, அது கீழ போயிரும். கிணத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"கீழ போயி எங்க போகும்? கிணறும் கீழதானே இருக்கு?"

பாஸ்கரன் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். எனக்கும் சேட்டத்தி சொல்வது சரி என்றே பட்டது. அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன். பிறக்கப்போகிறதும் அதைத்தான் குடிக்கப்போகிறது. எர்த் இல்லாமல் மில் ஓட்டக்கூடாது என்கிறவரும் அவர்தான், எர்த் போட உப்புக் கொட்டக்கூடாது என்கிறவரும் அவர்தான். இரண்டிலும் அவர் பேச்சில் தவறு இல்லை. அதுதான் சங்கடம்.

மில் மூடிக் கிடந்தது. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்திலேயே அதிகம் அரைக்கிற மாதம் அது. பெண்கள் அரிசியை ஊறப்போட்டு உலர்த்தி எடுத்துக்கொண்டு வந்து, மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் பள்ளுருத்தி மில்லுக்குப் போனார்கள். வீட்டுக்காரர் தினமும் மில்லுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். பெல்ட்டைத் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார்.

தோடு

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். நான் வந்த புதிதில் யாரோ ஒரு பெண் "குடம் தோட்டில் விழுந்து போச்சு" என்று அழுதுகொண்டு போனாள். தோடு என்றால் எனக்குக் காதில் போடுகிறது. இத்தனூண்டு தோட்டில் எப்படிக் குடம் விழும் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே தோடு என்றால் வாய்க்கால்.

சேட்டத்தியின் அடுக்களைக்குப் பின்னால் அப்படி ஒரு தோடு உண்டு. காயலில் ஓதம் ஏறும்போது உப்புத்தண்ணீர் அதில் ஏறும். இறங்கும்போது சேறு தெரியும். அந்தக் கரையில் புல்கூட முளைக்காது. பக்கத்துச் சுவரில் ஆள் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து நிற்கும்.

நான் சாம்பல் கொட்ட அங்கே போனேன். சுவரில் உப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மச்சான், மண்ணுல உப்பும் ஈரமும் வேணும்னுதானே அவர் சொன்னாரு. பின்னால ரெண்டும் சும்மா கிடக்கே. நாம ஏன் கொண்டுவந்து கொட்டணும்?"

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பாஸ்கரனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் திரும்பினார்.

பாஸ்கரன் சேற்றில் இறங்கி ஒரு கம்பியை நட்டு, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, பல்பைக் கோத்துப் பார்த்தார். பழைய குழாயில் வைத்தபோது பல்புக்குள் கம்பி பீடி நுனி மாதிரிச் சிவந்ததோடு சரி. இங்கே பளிச்சென்று எரிந்தது.

"இடம் அம்சமான இடம்" என்றார். உடனே முகம் வாடியது. "ஆனா இங்க இரும்பு நிக்காது பாய். முற்றத்துலயே அந்தப் பாடு. இங்க ரெண்டு வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது. செம்புத் தகடு வேணும். தடிச்ச தகடு."

இன்னொன்றும் இருந்தது. மில்லிலிருந்து தோடு வரைக்கும் கம்பி போக வேண்டுமென்றால் சேட்டத்தியின் அடுக்களைச் சுவருக்கு அடியில்தான் போக வேண்டும்.

சேட்டத்தியின் செம்பு

நான்தான் கேட்கப் போனேன். சேட்டத்தி அரிவாள்மணையில் உட்கார்ந்து சாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு வேண்டாம், கிணற்றுப் பக்கமே வரமாட்டோம், கம்பி மட்டும் உங்கள் சுவருக்கு அடியில் போக வேண்டும் என்று.

மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "கம்பியில கரண்டு இருக்குமோ?"

"சாதாரணமா இருக்காதாம். மெஷின்ல கேடு வந்தா ஒரு நொடி போகுமாம். உடனே ஃபியூஸ் போயிருமாம்."

"அந்த நொடியில என் கை சுவர்ல இருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். பாஸ்கரனைக் கூப்பிட்டேன். கம்பியைக் களிமண் குழாய்க்குள் விட்டு, தரைக்குக் கீழே ஆழமாகக் கொண்டுபோகிறேன், சுவரில் படவே படாது என்றார் அவர். சேட்டத்தி அவரை அதை இரண்டாம் முறை சொல்லவைத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"செம்பு வேணும்னு பறஞ்சது கேட்டேன். அது கிட்டிச்சோ?"

"தேடிக்கிட்டிருக்கோம்."

அடுக்களைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். விறகுக்கு நடுவில் பெரிய செம்பு அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நெல் அவிக்கிற பாத்திரம். அங்கே அதற்குப் பெயரே செம்பு. கணவர் இருந்த காலத்தில் நிலம் இருந்ததாம், நெல் வருமாம். பக்கத்தில் ஓட்டை விழுந்து கறுத்துப்போயிருந்தது.

"எடுத்துக்கோ."

"சேட்டத்தி, இது உங்க…"

"நெல்லு இல்ல. அவிக்க ஆளும் இல்ல. விறகுக்கு நடுவுல கிடந்து என்ன செய்யும்? நிறவயறோட நீ அந்த மில்லுல நிக்கறதைப் பாத்து எனக்கு உறக்கம் இல்ல மோளே. எடுத்துட்டுப் போ."

அந்த அண்டாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. முற்றத்துக் கல்லில் வைத்து வீட்டுக்காரரும் பாஸ்கரனும் மாற்றி மாற்றி அடித்தார்கள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. கரி உதிர்ந்து உள்ளேயிருந்து சிவப்பு வெளியே வந்தது. பாஸ்கரன் அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கனத்துக்காக மடித்துத் தட்டி, இரண்டு தகடு செய்தார்.

"ரெண்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கணும். ஒருக்க ஏமாந்தாச்சு."

ஓதம் இறங்கிய நேரம் பார்த்துத் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சேறு சரிந்து குழி மூடியது. கடைசியில் அடி கழன்ற மரப்பீப்பாய் ஒன்றைக் குழிக்குள் இறக்கி, அதற்குள் நின்று தோண்டினார் வீட்டுக்காரர். கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. சேட்டத்தி அடுக்களை ஜன்னலிலிருந்து, "ஷாகுலே, இன்னும் கொஞ்சம். வெள்ளம் கேறி வருது, வேகம் வேகம்" என்று வேலை வாங்கினார். தகட்டை நிறுத்திவைத்து, சேற்றை மிதித்து மிதித்து இறுக்கினார்கள். ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால் இரண்டாவது குழி. கம்பி சேருகிற இடத்தில் இரும்பு போல்ட் கூடாது என்று பித்தளை போல்ட் போட்டு, மேலே தார் பூசினார் பாஸ்கரன். கம்பிகூட, பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பி. அந்த இணைப்புக்கு மேல் மண் போடவில்லை. செங்கல் கட்டி, திறந்து பார்க்கிற மாதிரி ஒரு மூடி வைத்தார்.

டப்

நோன்புக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. செய்தி பரவி, அரிசிக் கூடையோடு பெண்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். வீட்டுக்காரர் பிஸ்மி சொல்லி மெயினைப் போட்டார்.

டப்.

அவ்வளவுதான். மோட்டார் அரைச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை. பாஸ்கரன் ஃபியூஸைக் கழற்றிப் புதுக் கம்பி கட்டினார். திரும்பவும் டப்.

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பாஸ்கரன் சிரித்துக்கொண்டிருந்தார். ஆள் பழையபடி ஆகிவிட்டார்.

"பாத்தீங்களா எர்த்த? ஒரு நொடி நிக்க விடல்லியே. இதுக்குத்தான் போட்டது. கொச்சியில நம்மள மாதிரி…"

"மெஷின் ஓடலியே அண்ணே."

"எப்படி ஓடும்? மோட்டாரு கெட்டுக் கிடக்கு. இத்தன நாள் கெட்டதோடயே ஓடுச்சு. இனி ஓடாது. சுருள் மாத்திக் கட்டணும், எர்ணாகுளம் கொண்டுபோகணும்."

பெண்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. பின் தெருக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். "காக்கா, நாங்க செருப்புப் போட்டுத்தானே வர்றோம். பலகையும் இருக்கு. நோன்பு முடியறதுவரை அந்தக் கம்பியைக் கழட்டி விட்டா ஓடாதோ?"

வீட்டுக்காரர் பாஸ்கரனைப் பார்த்தார். "கழட்டினா ஓடுமா?"

"ஓடும். முந்தி ஓடின மாதிரியே ஓடும்" என்றார் பாஸ்கரன். சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் மூலையிலிருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனார். கம்பி மாட்டியிருந்த இடத்துக்கு எதிரில் போய்க் குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கம்பியைத் தாண்டிப் போய், மோட்டாரைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

"பாஸ்கரண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க. கைவண்டி சொல்லி விடணும். படகு போறதுக்கு முன்னால போட்டு ஜெட்டிக்குப் போயிரலாம்."

கலியாணமாகி அதுவரை அவரைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். நல்லவர், கொஞ்சம் பயந்தவர், யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு நான் வேறொருவரைப் பார்த்தேன்.

உரல் சத்தம்

மோட்டார் வருவதற்குள் நோன்பு பிறந்துவிட்டது. ஊறவைத்த அரிசியோடு நின்ற பெண்களை ரோசி சேட்டத்திதான் கூப்பிட்டார். அவர் வீட்டில் ஒரு மர உரலும் இரண்டு உலக்கையும் இருந்தன. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு நாலைந்து பேர் அங்கே கூடிவிடுவார்கள். நோன்பு வைத்தவர்கள் சோர்ந்து போவார்கள் என்று உலக்கையை அவரே பிடுங்கிக்கொள்வார். "நான் உண்டுட்டு நிக்கறேன். நீங்க இரி" என்பார். கன்னிமேரி படத்துக்குக் கீழே எங்கள் பத்திரிக்கு மாவு இடிபட்டது. சல்லடையில் சலிக்கிறபோது அவர் தலை, புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும்.

அங்கே உட்கார்ந்து பேசியதில்தான் அவரைப் பற்றி எனக்குப் பாதி தெரிந்தது. அதுவரை எனக்கு அவர் கிணற்றுக்காரிதான்.

மோட்டார் வந்தது. மெயினைப் போட்டார்கள். ஃபியூஸ் அசையவில்லை. பாஸ்கரன் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இனித் தொடலாம்" என்றார். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் நின்று, தொட்டியில் உள்ளங்கையை வைத்தார். ஓடுகிற மெஷினின் அதிர்வில் அவர் கை மட்டும் லேசாக நடுங்கியது.

"ஒண்ணும் இல்ல" என்றார். திரும்பவும் என்னைப் பார்த்து, "ஒண்ணுமே இல்ல ஜமீலா" என்றார்.

மூத்தவள் பிறந்த மாதத்தில் வீட்டுக்காரர் வாங்கிவந்த ஓர் ஆட்டுக்குட்டியைச் சேட்டத்தி ஏற்றுக்கொண்டார்.

ஒரு பெருமழை

இது அதற்கும் சில வருஷம் கழித்து. எண்பதுகள். இரண்டாவது பிள்ளையும் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

விடாமல் பெய்த மழையும் ஓதமும் ஒன்றாகச் சேர்ந்த நாள். தோடு நிறைந்து தெருவில் ஏறியது. வீட்டுக்காரர் மில்லில் தனியாக மல்லி அரைத்துக்கொண்டிருந்தார். ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது. கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தெருவாசல் வழியாகத் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே வந்து முழங்காலுக்கு ஏறியிருக்கிறது. மெஷினைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருக்கிறார்.

நான் அடுக்களையில் பிள்ளைகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, அரிசிப் பானையைப் பரணில் வைத்துக்கொண்டிருந்தேன். மில் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் நடுக்கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். நெஞ்செல்லாம் மல்லிப்பொடி.

"கரண்டு போயிருச்சு" என்றார். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதுக்குள்ள போயிருச்சு."

நான் தலைக்கு மேலே பார்த்தேன். எங்கள் அடுக்களை பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவர் கவனிக்கவில்லை. நான் அரிசிப் பானையை வைத்துவிட்டு, மெல்ல அவரைத் தாண்டி, நடுக்கதவு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தேன். மோட்டார் தண்ணீருக்குள் முக்கால்வாசி மூழ்கியிருந்தது. சுவரில் மில்லின் ஃபியூஸ் மட்டும் கருகியிருந்தது. ஃபியூஸ் பீங்கானைச் சுற்றிச் சுவரெல்லாம் கரி. தோட்டுச் சேற்றுக்குள் இருந்த சேட்டத்தியின் செம்புதான் அதை எரியவைத்திருக்கிறது.

திரும்பி வந்தேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மல்லி நனஞ்சுபோச்சு ஜமீலா. கல்யாண வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க? மூட்டையை மேல தூக்கி வச்சிருக்கணும். எனக்குத் தோணலை பாரு. எல்லாம் கெட்டுச் சீத்தையாப் போச்சு."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவர் கட்டிலில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நனைந்துபோன மல்லியைப் பற்றிச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயாவை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டிருப்பேன்.